டப்பா பவுடரை நம்பி பளு தூக்கலாமா? பள்ளி மாணவர்களே உஷார்! - முட்டையும் கடலையும் இருக்க 3 ஆயிரம் ரூபாய் எதற்கு?

நாகலாபுரம்,

கரிசல் காட்டுக்கு பளு தூக்குவது ஒன்றும் புதுசு இல்லை. ஊர் மந்தையில் உருண்டையாக, வழவழப்பாக கிடக்கும் இளவட்டக்கல்லை தூக்கி தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் என்று பேசிய காலம் இருந்தது. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றைக்கும் பொங்கல் வந்தால் இளவட்டக்கல் போட்டி களை கட்டுகிறது. பெண்களும் வந்து தூக்கி அசத்துகிறார்கள்.

அந்தக் கல்லை தூக்கியவர்கள் குடித்தது கம்மங்கூழ். கடித்துக்கொண்டது சின்ன வெங்காயம். இன்று கல்லுக்குப் பதில் இரும்புத் தட்டு வந்து விட்டது. கூழுக்குப் பதில் பவுடர் டப்பா வந்து விட்டது. பிரச்சினை இந்த டப்பாவில்தான் ஆரம்பிக்கிறது.

"பவுடர் குடிச்சாத்தான் பாடி ஏறுமா?"

நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் உள்ள கிராமத்துப் பையன்கள் 10-ம் வகுப்பு தாண்டியதும் ஜிம் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். சிலருக்கு போலீஸ் வேலை கனவு. சிலருக்கு ராணுவம். இன்னும் சிலருக்கு மாவட்ட, மாநில பளு தூக்கும் போட்டியில் பதக்கம் வாங்க வேண்டும் என்ற வெறி.

ஜிம்முக்கு போன பத்தாவது நாளே பையன் கேட்கும் கேள்வி, "அண்ணே, பவுடர் குடிச்சாத்தான் பாடி ஏறுமாண்ணே?" என்பதுதான். அதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் அவனது எதிர்காலம் இருக்கிறது. நல்ல பயிற்சியாளர் என்றால், "போய் ரெண்டு முட்டை சாப்பிடுடா" என்பார். பவுடர் விற்கும் ஆள் என்றால் டப்பாவை எடுத்து நீட்டுவார். செல்போனில் வீடியோ பார்த்து ஆன்லைனில் வாங்குவது என்றால் கேட்கவே வேண்டாம்.

தீப்பெட்டி ஆபீஸ் கூலியிலும், மிளகாய் பழம் எடுத்த கூலியிலும், கரிமூட்டம் போட்ட காசிலும் பிள்ளையை வளர்க்கும் குடும்பங்கள் இவை. மானாவாரி வெள்ளாமை பொய்த்தால் அந்த வருசமே கடன்தான். அந்த வீட்டில் 3 ஆயிரம் ரூபாய் டப்பா என்பது பல நாள் கூலி. அத்தனை காசையும் கொட்டி வாங்கும் பொருள் உடம்புக்கு நல்லதா, கெட்டதா என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பளு தூக்கினால் குள்ளமாகி விடுவார்களா?

முதலில் ஒரு பயத்தை போக்கி விடலாம். சின்ன வயதில் பளு தூக்கினால் உயரம் நின்று விடும் என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். முறையான பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து, வயசுக்கு ஏற்ற எடையில், சரியான முறையில் தூக்கினால் உயரம் நிற்காது என்பதுதான் குழந்தைகள் நல டாக்டர்களின் கருத்து. எலும்புக்கும் தசைக்கும் அது நல்லதுதான்.

இதற்கு உதாரணம் மிசோரம் மாநிலத்தைச் சேர்ந்த ஜெரிமி லால்ரின்னுங்கா. 2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்சில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் 62 கிலோ எடைப்பிரிவில் மொத்தம் 274 கிலோ தூக்கி தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 15. அதே ஜெரிமி 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 67 கிலோ பிரிவில் 300 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வாங்கினார்.

நம்ம ஊருக்கும் பெருமை இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ, 2018-ல் கோல்டுகோஸ்ட் என்று 2 காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அவரது தந்தையும் தேசிய அளவில் பளு தூக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக, இரும்பால் உயரம் நிற்காது. உயரத்தை நிறுத்துவது வேறு ஒன்று. அதன் பெயர் ஸ்டீராய்டு.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பவுடர் என்றாலே ஊக்க மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. பாலில் இருந்து எடுக்கப்படும் 'வே' புரோட்டீன் என்பது உண்மையில் ஒரு உணவுப் பொருள். தடை செய்யப்பட்ட பொருட்கள் பட்டியலில் அது இல்லை. சிக்கல் என்னவென்றால், டப்பாவின் மேலே எழுதி இருப்பதும் உள்ளே இருப்பதும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

கேரளாவைச் சேர்ந்த கல்லீரல் சிகிச்சை டாக்டர் சிரியாக் அபி பிலிப்ஸ் தலைமையிலான குழுவினர் இந்தியாவில் விற்பனையாகும் 36 புரோட்டீன் பவுடர்களை வாங்கி பரிசோதனை செய்தனர். 2024-ம் ஆண்டு வெளியான அந்த ஆய்வு முடிவு அதிர்ச்சி தரக்கூடியது. சுமார் 70 சதவீத டப்பாக்களில் புரோட்டீன் அளவு பற்றிய விவரம் சரியாக இல்லை. 14 சதவீதத்தில் 'அப்ளாடாக்சின்' எனப்படும் பூஞ்சை நஞ்சு இருந்தது. 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி மருந்தின் மிச்சம் இருந்தது.

பூசணம் பிடித்த கடலையை நம்ம பாட்டிமார் பொறுக்கி வெளியே எறிவார்களே, அந்த பூசணத்தின் நஞ்சுதான் இந்த அப்ளாடாக்சின். கல்லீரலை கெடுக்கும். ஒரு ரூபாய் கடலையில் இருந்தால் எறிகிறோம். 3 ஆயிரம் ரூபாய் டப்பாவில் இருந்தால் பாலில் கலக்கி குடிக்கிறோம்.

அறியாமல் குடித்தாலும் தண்டனைதான்

நஞ்சு உடம்பை கெடுக்கும். கலப்படம் வாழ்க்கையையே கெடுக்கும். ஊக்க மருந்து சட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வீரரின் உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு அந்த வீரர்தான் பொறுப்பு. "எனக்கு தெரியாது சார், கோச் குடுத்தாரு" என்று சொன்னால் தண்டனை குறையலாமே தவிர, குற்றம் இல்லை என்று ஆகி விடாது.

இந்த விதி எவ்வளவு கொடுமையானது என்பதை 2011-ம் ஆண்டு நாடே பார்த்தது. இந்தியாவின் முன்னணி ஓட்டப்பந்தய வீராங்கனைகள் 6 பேர் ஊக்க மருந்து சோதனையில் சிக்கினார்கள். 2010 காமன்வெல்த் மற்றும் ஆசிய போட்டிகளில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர்களும் அதில் அடக்கம்.

பயிற்சியாளர் சீனாவில் இருந்து வாங்கி வந்து கொடுத்த 'ஜின்செங்' என்ற மூலிகை மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்து இருந்தது என்பது வீராங்கனைகளின் வாதம். அதில் நியாயம் இருப்பதாக கருதி முதலில் ஓராண்டு தடை மட்டும் விதிக்கப்பட்டது. ஆனால் 2012-ல் சர்வதேச விளையாட்டு கோர்ட்டு அதை 2 ஆண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் கனவு அதோடு முடிந்தது. உக்ரைன் நாட்டு பயிற்சியாளர் யூரி ஓகோரோட்னிக் வேலையில் இருந்து நீக்கப்பட்டார்.

'மூலிகை', 'இயற்கை', 'நாட்டு மருந்து' என்று எழுதி இருந்தால் பயம் இல்லை என்று நினைப்பவர்கள் இந்த ஜின்செங் கதையை மறக்கக்கூடாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்பும் இதே போல் ஒரு பரபரப்பு. 'மெத்தில்ஹெக்சேனமைன்' என்ற பொருளுக்காக மல்யுத்தம், நீச்சல் என்று பல விளையாட்டு வீரர்-வீராங்கனைகள் மாட்டினார்கள். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் சில சத்து பவுடர்களில் இந்தப் பொருள் கலக்கப்பட்டு வந்தது.

பளு தூக்குதலுக்கு வந்த சோதனை

இந்த விவகாரத்தில் அதிகம் அடிபட்ட விளையாட்டுகளில் ஒன்று பளு தூக்குதல். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின்போது 2 இந்திய வீராங்கனைகள் சிக்கினர். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியிலும் இந்திய வீரர்கள் மாட்டினர். 2009-ல் மேலும் 6 பேர். விளைவு, 2010-ல் சொந்த மண்ணில் நடந்த காமன்வெல்த் போட்டியில் பளு தூக்கவே இந்திய சம்மேளனம் 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது.

வேதனையான விஷயம், இதில் பள்ளி, கல்லூரி வயது பிள்ளைகளும் சிக்குவதுதான். 2015-ம் ஆண்டு ஜனவரியில் அரியானா மாநிலம் யமுனாநகரில் நடந்த தேசிய இளையோர், ஜூனியர் பளு தூக்கும் போட்டி உள்பட சில போட்டிகளில் நடத்திய சோதனையில் 20-க்கும் மேற்பட்டோர் சிக்கினர். அவர்களில் பலர் மீசை கூட சரியாக முளைக்காதவர்கள்.

2 முறை காமன்வெல்த் தங்கம் வென்ற மணிப்பூர் வீராங்கனை சஞ்சிதா சானுவுக்கு, 2022 தேசிய விளையாட்டு போட்டியில் எடுத்த மாதிரியில் 'டிரோஸ்டனோலோன்' என்ற ஸ்டீராய்டு இருந்ததாகக் கூறி 4 ஆண்டு தடை விதிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் அழுகைக் கதை உண்டு. திருச்சி அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 2019-ல் தோகாவில் நடந்த ஆசிய தடகள போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவை மாநிலமே தூக்கி வைத்து கொண்டாடியது. பிறகு ஊக்க மருந்து சோதனையில் சிக்கினார். தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று மறுத்தார். ஆனாலும் 4 ஆண்டு தடை விதிக்கப்பட்டு, பதக்கம் கை விட்டுப் போனது.

உலக ஊக்க மருந்து தடுப்பு அமைப்பான 'வாடா' வெளியிட்ட கணக்குப்படி 2024-ல் இந்தியாவில் 7 ஆயிரத்து 113 மாதிரிகள் சோதிக்கப்பட்டு 260-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருப்பது தெரிய வந்தது. அதிகம் சோதனை செய்யும் நாடுகளில் நாம்தான் முதலிடம். தொடர்ந்து 3-வது ஆண்டாக இந்த 'பெருமை' நமக்கு. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சிக்கிய கணக்கை மட்டும் எடுத்து 'வாடா' 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில் ரஷியாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

போவது பதக்கம் மட்டும் அல்ல

"நம்ம பையன் என்ன ஒலிம்பிக்கா போகப் போறான், அவனை யார் சோதிக்கப் போறாங்க?" என்று அலட்சியமாக இருக்க முடியாது. தேசிய ஊக்க மருந்து தடுப்பு அமைப்பான 'நாடா' பள்ளி வயதினர் பங்கேற்கும் கேலோ இந்தியா போட்டியிலும் மாதிரி எடுக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் தமிழ்நாடு 38 தங்கம் உள்பட 98 பதக்கம் வென்று 2-வது இடம் பிடித்தது. நம்ம பிள்ளைகளும் அந்த மேடைக்கு போகும் காலம் இது.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ரெயில்வே, போலீஸ், ராணுவத்திலும் விளையாட்டு பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். கல்லூரியில் இடம் கிடைக்கிறது. கரிசல் காட்டு கூலி வீட்டுப் பையனுக்கு அந்த சான்றிதழ்தான் சொத்து. ஒரு தடை வந்தால் அந்தப் போட்டியில் வாங்கிய பதக்கம் பறிபோகும். சான்றிதழுக்கும் மதிப்பு இருக்காது. 16 வயதுக்கு உட்பட்டவர்களிடம் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. பெரிய கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தால் எச்சரிக்கை முதல் அதிகபட்சம் 2 ஆண்டு தடையோடு போகலாம். ஆனால் வளரும் வயசில் 2 ஆண்டு என்பது சாதாரணமா?

பவுடரை விட பயங்கரம் ஊசி

பவுடரில் ஆரம்பிக்கும் ஆசை சிலரை மாத்திரை, ஊசி வரைக்கும் கொண்டு போய் விடுகிறது. அனபாலிக் ஸ்டீராய்டுகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. வளரும் பிள்ளைகளுக்கு இவை செய்யும் கெடுதல் பெரியவர்களுக்கு செய்வதை விட அதிகம்.

எலும்பின் முனையில் உள்ள வளரும் பகுதி முன்கூட்டியே மூடிக்கொள்கிறது. உயரம் அதோடு நின்று விடும். பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. பையன்களுக்கு மார்பு வீங்கும், முகத்திலும் முதுகிலும் பரு வெடிக்கும், விதை சுருங்கும். பெண் பிள்ளைகளுக்கு குரல் கட்டையாகும், மாதவிலக்கு மாறும். கல்லீரலும் இதயமும் கெடும். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும்.

ரத்த அழுத்தம் குறைந்த நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் போடும் 'மெபன்டர்மின்' என்ற ஊசியையும் ஜிம்முக்கு போகும் சில வாலிபர்கள் தவறாக போட்டுக்கொள்கிறார்கள். இதயத் துடிப்பை தாறுமாறாக்கும் இந்த மருந்தும் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஒரே ஊசியை பலர் பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை கிருமி பரவும் ஆபத்து தனி.

இன்னொன்று, எடைப்பிரிவுக்குள் வர வேண்டும் என்பதற்காக சிறுநீர் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுவது. 'புரோசெமைடு' என்ற இந்த மாத்திரையும் தடை செய்யப்பட்டதுதான். கோவில்பட்டி வெயிலில் உடம்பில் உள்ள தண்ணீரை வற்ற வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு புரோட்டீன் தேவை?

சரி, பையனுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மற்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கணக்குப்படி 16 முதல் 18 வயது பையனுக்கு நாள் ஒன்றுக்கு 55 கிராம், பெண்ணுக்கு 46 கிராம் புரோட்டீன் போதும். கடும் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படலாம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் கணக்கு. 50 கிலோ எடை உள்ள பையனுக்கு 60 முதல் 100 கிராம். அதற்கு மேல் குடித்தால் தசையாக மாறாது. காசுதான் வீண்.

50 கிலோ பையனின் ஒரு நாள் சாப்பாட்டை கணக்கு போட்டு பார்க்கலாம்:-

* காலையில் அவித்த முட்டை 2 - 12 கிராம்

* 100 கிராம் கம்பு மாவில் காய்ச்சிய கூழ் - 10 கிராம்

* மதியம் 150 கிராம் அரிசி சோறு - 11 கிராம்

* சாம்பாரில் சேரும் பருப்பு 30 கிராம் - 7 கிராம்

* சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலை சுண்டல் - 10 கிராம்

* நிலக்கடலை 50 கிராம் - 12 கிராம்

* பால் 300 மில்லி - 10 கிராம்

* இரவு உளுந்து சேர்ந்த இட்லி, தோசை - சுமார் 10 கிராம்

மொத்தம் 82 கிராம். இதில் கறி, மீன், கருவாடு எதுவும் சேர்க்கவில்லை. டப்பாவும் சேர்க்கவில்லை. சைவம் சாப்பிடும் பிள்ளைகள் முட்டைக்குப் பதில் 25 கிராம் சோயா உருண்டை சேர்த்தால் அதே 12 கிராம் கிடைத்து விடும்.

விலையையும் பார்ப்போம். ஒரு கரண்டி 'வே' பவுடரில் சுமார் 24 கிராம் புரோட்டீன். 4 முட்டையிலும் அதே 24 கிராம். டப்பா 3 ஆயிரம் ரூபாய், அதில் 30 கரண்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு கரண்டி 100 ரூபாய். முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் 4 முட்டை 28 ரூபாய்தான்.

'மாஸ் கெய்னர்' என்று விற்கிறார்களே, அதில் பெரும் பங்கு மாவும் சர்க்கரையும்தான். பொரிகடலையையும் வறுத்த நிலக்கடலையையும் கருப்பட்டியோடு சேர்த்து இடித்து உருண்டை பிடித்தால் நம்ம வீட்டு மாஸ் கெய்னர் தயார். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய் பக்கத்திலேயே இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் 2 துண்டு கடிக்க யார் தடுத்தார்கள்? ஆனால் கடலை பூசணம் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடிப்பதும் தப்பு. கிருமி வரும். அவித்த முட்டையில் உள்ள சத்துதான் உடம்பில் நன்றாக சேரும்.

பயிற்சியின்போது குடிக்க கலர் தண்ணீர் வேண்டாம். உப்பு போட்ட மோர், நீராகாரம் போதும். வியர்வை அதிகம் போனால் ஓ.ஆர்.எஸ். கரைசல். 'எனர்ஜி டிரிங்' பிள்ளைகளுக்கு கூடவே கூடாது என்று அமெரிக்க குழந்தைகள் நல டாக்டர்கள் சங்கம் 2011-லேயே சொல்லி விட்டது. தசை கூட்டும் 'கிரியேட்டின்' தடை செய்யப்பட்டது இல்லை. ஆனாலும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எடுக்க வேண்டாம் என்பதுதான் அதே சங்கத்தின் அறிவுரை.

உடல் கட்டுக்காக புரோட்டீன் பவுடரை தவிர்க்கும்படி நம்ம நாட்டு ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியில் கூறி இருக்கிறது. நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் எலும்பும் சிறுநீரகமும் பாதிக்கும் என்று அது எச்சரிக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு ரத்தம் முக்கியம்

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பளு தூக்கும் பெண் பிள்ளை சீக்கிரம் களைத்துப் போகிறாள், மூச்சு வாங்குகிறது என்றால் அவளுக்கு தேவை பவுடர் அல்ல, ரத்தப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு காசு கிடையாது. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை தூர எறியாமல் சாப்பிட வேண்டும். அது ஊக்க மருந்து ஆகாது. முருங்கைக்கீரை, கம்பு, சுவரொட்டி சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கியே தீர வேண்டும் என்றால்...

வீட்டு சாப்பாடு போதவில்லை, டாக்டரோ ஊட்டச்சத்து நிபுணரோ பவுடர் எடுக்கச் சொல்கிறார் என்றால் கவனிக்க வேண்டியவை வருமாறு:-

1. டப்பாவில் உணவு பாதுகாப்பு ஆணையத்தின் (எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிமம் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. உரிமம் எண் இருந்தால் மட்டும் ஊக்க மருந்து கலப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. போட்டியில் பங்கேற்பவர்கள் 'இன்பார்ம்டு ஸ்போர்ட்' போன்ற வெளி ஆய்வகம் சோதித்த முத்திரை உள்ளதை பார்த்து வாங்குவது நல்லது. அதிலும் அந்த டப்பாவின் பேட்ச் எண் சோதிக்கப்பட்டதா என்று ஒப்பிட வேண்டும். இதுவும் ஆபத்தை குறைக்கும், முழு உத்தரவாதம் தராது.

3. கலவை கம்மியாக உள்ளதே நல்லது. 'ரகசிய கலவை', 'ஹார்மோன் பூஸ்டர்', '10 நாளில் பலன்', 'கொழுப்பு எரிப்பான்' என்று எழுதி இருந்தால் திரும்பி பார்க்காமல் வந்து விட வேண்டும்.

4. சில்லறையாக பொட்டலம் கட்டி கொடுப்பது, சீல் உடைந்தது, பாதி விலைக்கு கிடைப்பது எதையும் தொடக்கூடாது.

5. பில் வாங்க வேண்டும். டப்பாவை போட்டோ எடுத்து, பேட்ச் எண்ணை எழுதி வைக்க வேண்டும். நாளை பிரச்சினை என்றால் இதுதான் சாட்சி.

6. காய்ச்சல், சளிக்கு மாத்திரை வாங்கும்போதும் "நான் போட்டிக்கு போறேன் டாக்டர்" என்று சொல்லி விட வேண்டும். சளி மருந்து சிலவற்றிலும் தடை செய்யப்பட்ட பொருள் உண்டு. 'நாடா'வின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரை போட்டு பார்க்கலாம். ஆஸ்துமா போன்ற நோய்க்கு மருந்து தேவைப்பட்டால் முறைப்படி அனுமதி வாங்க வழி இருக்கிறது.

7. சந்தேகமான பொருள் விற்றால் தமிழக உணவு பாதுகாப்பு துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்-அப் எண்ணுக்கு புகார் அனுப்பலாம். ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை என்றால் மருந்து கட்டுப்பாட்டு துறைக்கு சொல்ல வேண்டும்.

பெற்றோர் கண்ணில் பட வேண்டியது

பையன் ஒரே மாதத்தில் திடீரென ஊதுகிறான், முதுகு முழுக்க பரு, மார்பு வலி, தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் சண்டை, சிறுநீர் டீ டிகாசன் மாதிரி போகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது என்றால் தாமதிக்கக்கூடாது. திட்டி அடித்தால் மறைத்து விடுவான். பக்கத்தில் உட்கார்ந்து என்ன எடுத்தான் என்று கேட்டு, அந்த டப்பாவையோ ஊசி மருந்தையோ கையோடு எடுத்துக்கொண்டு விளாத்திகுளம் அல்லது கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். டாக்டரிடம் உண்மையை சொன்னால்தான் சிகிச்சை சரியாக இருக்கும்.

10-ம் வகுப்போடு நிற்கும் முட்டை

இதில் அரசின் பங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு சத்துணவு திட்டத்தில் பள்ளி நாட்களில் பிள்ளைகளுக்கு தினம் ஒரு முட்டை கிடைக்கிறது. நாட்டுக்கே முன்மாதிரியான திட்டம். ஆனால் அது 10-ம் வகுப்போடு நின்று விடுகிறது. பையன் பிளஸ்-1 போய், உடம்பு வளர்ந்து, பளு தூக்க ஆரம்பிக்கும் அதே வயசில் அந்த முட்டை நின்று போகிறது. அந்த இடத்தைத்தான் பவுடர் டப்பா பிடித்துக்கொள்கிறது.

விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதியில் தங்கி இருப்பவர்களுக்கு கவலை இல்லை. சாப்பாடு அங்கேயே கிடைத்து விடும். கோவில்பட்டி ஆக்கி விடுதியில் வளர்ந்த மாரீஸ்வரன், கார்த்தி ஆகியோர் இந்திய அணிக்கு ஆடியதே அதற்கு சாட்சி. நல்ல சாப்பாடு, நல்ல பயிற்சியாளர், மைதானம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் கரிசல் மண்ணில் இருந்தும் இந்திய அணிக்கு போகலாம். ஆனால் நாகலாபுரத்தில் இருந்து பஸ் பிடித்து வந்து பயிற்சி எடுக்கும் பையனுக்கு விடுதியும் இல்லை, முட்டையும் இல்லை.

பிளஸ்-1, பிளஸ்-2 படிக்கும் விளையாட்டு மாணவ-மாணவிகளுக்காவது தினம் 2 முட்டையும் சுண்டலும் கொடுக்க வழி செய்ய வேண்டும். ஜிம்களிலும் சத்து பவுடர் கடைகளிலும் உணவு பாதுகாப்பு அதிகாரிகள் அடிக்கடி சோதனை நடத்த வேண்டும். மாவட்ட போட்டி நடக்கும் இடத்திலேயே ஊக்க மருந்து பற்றி தமிழில் அரை மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது பெற்றோர்கள் மற்றும் விளையாட்டு ஆர்வலர்களின் எதிர்பார்ப்பாக உள்ளது.

அதுவரை பிள்ளைகள் ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும். இளவட்டக்கல்லை தூக்கிய தாத்தா எந்த டப்பாவையும் திறக்கவில்லை. நேரத்துக்கு சாப்பாடு, 8 மணி நேர தூக்கம், தினமும் பயிற்சி, கொஞ்சம் பொறுமை. கம்பு அறுவடைக்கு வரவே 3 மாதம் ஆகிறது. உடம்பு மட்டும் 10 நாளில் விளைந்து விடுமா என்ன?